அசையாமல் உட்கார்ந்த நண்டு

சென்னை-5
14-7-1969

அன்புள்ள தியாகேசா,

இங்கே யாவரும் நலம். நீ, வீட்டில் பிரகதாம்பாள், உன் பள்ளிக்கூடம் எல்லோரும் சுகம்தானே? தவளை, கொக்கு, தண்ணீர்ப்பாம்பு மூன்று படங்களும் கசங்காமல் வந்து சேர்ந்தன. பாம்புப் படத்தை வீட்டு மேஜைமேல் வைக்கவே கூடாது என்கிறாள் ஹலீமா. இதைவிட உனக்கு வேறு பாராட்டு வேண்டாம்.

நம் 'வயலில் யார் யார்' புத்தகத்துக்கு இன்னும் ஒரு பக்கம்தான் பாக்கி. பதினான்காம் பக்கம், வயல் நண்டு. கிராமப் பள்ளிகளுக்கு வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் சிங்கத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் படித்தது போதும். காலடியில் இருப்பதைப் படிக்கட்டும். கல்லூரியில் செய்ததைப் போல இழுத்தடிக்காதே.

உன்
முகம்மது யூசுப்

குத்தாலம்
3-8-1969

அன்புள்ள யூசுப்,

சொல்வது உனக்குச் சுலபம். செத்ததைப் பார்த்து நான் வரையமாட்டேன் என்று தெரியுமல்லவா? மூன்று நாள், பள்ளி விட்டதும் வரப்பில் குந்திக் கிடந்தேன். என் நிழல் பட்டாலே வளைக்குள் போய்விடும். டிராயிங் சாருக்கு என்ன ஆச்சு என்று களை எடுக்கும் பெண்கள் சிரித்தார்கள்.

நேற்று அதிர்ஷ்டம் அடித்தது. எங்கள் வாய்க்கால் வரப்பில், நல்ல வெயிலில், பெரிய நண்டு ஒன்று காலைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் போயும் அசையவில்லை. ஒரு மணி நேரம் இருந்து கொடுத்தது. காலில் உள்ள முடியைக்கூட விடவில்லை. இதைவிட நல்ல படம் என் கையில் வந்ததில்லை.

அண்ணன் ரெங்கசாமி இந்தக் குறுவைக்குப் புது நெல் போட்டிருக்கிறார். முந்தாநாள்தான் மருந்து அடித்தார்கள். கூலித் தகராறு தீரவில்லை. மார்கழியில் கிழக்கே கூலி கேட்டவர்களில் அத்தனை உயிர் குடிசைக்குள் எரிந்து போன பிறகும் யாருக்கும் புத்தி வரவில்லை.

அன்புடன்
தியாகேசன்

சென்னை-5
17-8-1969

அன்புள்ள தியாகேசா,

நண்டைப் பார்த்து மலைத்துப் போனேன். இவ்வளவு சாதுவாக ஏன் உட்கார்ந்தது என்று யோசித்துப் புத்தகங்களைப் புரட்டினேன். ஓடு கழற்றும் காலம்! அப்போது அதற்கு ஓடத் தெம்பிருக்காதாம். இப்படி எழுதியிருக்கிறேன்:

"நண்டு வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றும். அப்போது வரப்பில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பயப்படாமல் கையால் எடுக்கலாம். கடிக்காது."

சேற்றில் கிடப்பவன் நீ. சரிதானா என்று பார்த்துச் சொல்.

உன்
யூசுப்

குத்தாலம்
25-8-1969

அன்புள்ள யூசுப்,

சரியாக இருக்கிறது. அச்சுக்குக் கொடு.

தியாகேசன்

குத்தாலம்
12-8-1970

அன்புள்ள யூசுப்,

ஒரு வாரமாக இதை எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

எங்கள் நிலத்தில் வேலை செய்யும் வீரையனின் கடைசிப் பிள்ளை இறந்துவிட்டான். மூன்று வயது. கூடுதல் கூலி கேட்டார்கள் என்று அண்ணன் இந்த ஆடியில் களை எடுக்க வெளியூர் ஆட்களை இறக்கிவிட்டார். ஒரு மாதமாக வீரையன் வீட்டில் சரியாக உலை வைக்கவில்லை. அவன் மகள் தங்கமணி என் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. எங்கள் வரப்பில் நண்டுகள் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பாவாடை நிறைய எடுத்துப் போயிருக்கிறாள். முதல்நாள்தான் மருந்து அடித்திருந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். பெரியவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

"நண்டு அப்படி உக்காந்திருந்தா யாருமே எடுக்க மாட்டாங்களேம்மா, ஒனக்கு யாரு சொன்னா?" என்று பிரகதாம்பாள் கேட்டாள். "புஸ்தகத்துல போட்டிருந்துச்சு டீச்சரம்மா. நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்" என்றாள் அந்தப் பெண்.

யூசுப், ஓடு கழற்றும் நண்டு வளைக்குள் ஒளிந்துகொள்ளும். வரப்புக்கு வரவே வராது. எனக்கு அது அப்போதே தெரியும். நான் வரைந்த மறுநாள் அதே இடத்தில் அது மல்லாந்து கிடந்ததையும் பார்த்தேன். சொன்னால் படத்தை எடுத்துவிடுவாய் என்று சொல்லவில்லை.

அவள் பள்ளிக்கு வருவதில்லை. புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்கிறாள். அவள் தப்பாகப் படிக்கவில்லை என்று நீ ஒரு வரி எழுத வேண்டும்.

தியாகேசன்

சென்னை-5
20-8-1970

அன்புள்ள தியாகேசன்,

படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் நீ நிதானமாக யோசிக்க வேண்டும். மருந்து அடித்தது உன் அண்ணன். வேலை கொடுக்காததும் அவர்தான். நான் உன்னிடம் கேட்டுத்தானே எழுதினேன்? புத்தகத்தின்மேல் பழி என்று நானே கைப்படக் கடிதம் கொடுத்தால் ஊரில் அதைக் கொடியில் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். பள்ளிகள் எல்லாப் பிரதிகளையும் திருப்பி அனுப்பும். பத்து வருஷ உழைப்பு. மறுபதிப்பில் அந்த வரிகளைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்.

யூசுப்

குத்தாலம்
26-8-1970

யூசுப்,

நீ சொன்னது எல்லாமே உண்மை. அண்ணனிடமிருந்து பிரிந்து வந்துவிட்டேன். என் பங்கு நிலத்தைப் பிரித்து வாங்கி, அதில் மருந்து விழாமல் பார்த்துக்கொள்கிறேன். அதனால் அந்தப் பிள்ளை திரும்பி வரப்போவதில்லை.

வீரையனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். "எனக்குச் சொன்னது இருக்கட்டும் சார், அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. தம்பியக் கொன்னுட்டேன்னு மூலையில உக்காந்திருக்கு" என்றான். அவளிடமும் சொன்னேன். நான் சொன்னதை அவள் நம்பவில்லை. "நீங்க படம்தானே சார் போட்டீங்க. எழுதுனவங்களுக்குத்தானே தெரியும்" என்றாள்.

உன்னைத்தான் நம்புவாள். நீ எழுதாவிட்டால் நமக்குள் இனிக் கடிதம் வேண்டாம்.

தியாகேசன்

சென்னை-5
9-9-1970

அன்புள்ள தங்கமணிக்கு,

நான் முகம்மது யூசுப். 'வயலில் யார் யார்' புத்தகத்தை எழுதியவன். உங்கள் டிராயிங் சாருடைய சிநேகிதன். இந்தக் கடிதத்தை யாரும் படித்துக் காட்ட வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். நீயே படிக்க வேண்டும்.

பதினான்காம் பக்கத்தில் இருக்கும் நண்டு ஓடு கழற்றவில்லை. மருந்து பட்டுச் செத்துக்கொண்டிருந்தது. நான் சென்னையில் உட்கார்ந்துகொண்டு, அதைப் பார்க்காமலே, தெரிந்தவன்போல எழுதிவிட்டேன். கையால் எடுக்கலாம் என்று சொன்னவன் நான். தெரிந்த பிறகும் மூன்று வாரம் உனக்கு எழுதப் பயந்தேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ மன்னிக்காவிட்டாலும் அது நியாயம்தான்.

இந்தப் புத்தகம் போன எல்லாப் பள்ளிகளுக்கும் இதையே எழுதி, திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். உன் பள்ளியில் இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வியாழக்கிழமை அங்கே வருகிறேன். அந்தப் பக்கத்தை உன் எதிரிலேயே நான் என் கையால் கிழிக்க வேண்டும். என்னோடு பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

எழுத்துக் கூட்டி, ஒரு வரிகூட விடாமல், நீ சரியாகத்தான் படித்தாய் அம்மா.

இப்படிக்கு
முகம்மது யூசுப்