டிரம்முக்குள் எண்ணெய்

சேரப்பணஞ்சேரி
12.11.2025

மதிப்பிற்குரிய திரு. சண்முகசுந்தரம் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதத்திற்கு உடனே மறுமொழி எழுதாமையைப் பொறுத்தருள வேண்டுகிறேன். தை மாதம் திருமணத்தன்று நம் மகள் கனிஷ்காவை, என் தந்தையாரின் அம்பாசிடரில் ஏற்றித் தாங்களே மண்டபத்திற்கு ஓட்டிவர விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். இசைவு தெரிவிக்கவே எண்ணியிருந்தேன். இப்போது மனம் துணியவில்லை.

சென்ற மாதம் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் ஷூ, வீல் சிலிண்டர் அனைத்தையும் நானே மாற்றினேன். யாரிடமும் பயிலாதவள், ஆகவே எதையும் இருமுறை சரிபார்ப்பவள். அன்று வண்டி நினைத்த இடத்தில் நின்றது. கடந்த ஞாயிறன்று கனிஷ்காவை ஏற்றிக்கொண்டு ஒரகடம் சாலையில் சென்றேன். முன்னால் கம்பெனி பஸ் நின்றது. பிரேக்கை மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. ஓரத்து மண்ணில் இறக்கி, வேலிக்காத்தான் புதரில் மோதித்தான் நிறுத்தினேன். மகளுக்குக் காயமில்லை.

பிரேக் டிரம்மைக் கழற்றினால், ஷூவின் புது லைனிங் முழுவதும் வழுக்கும் எண்ணெய். சிலிண்டரில் கசிவில்லை. ஆக, வெளியிலிருந்து எவரோ விட்ட எண்ணெய்.

பக்கத்து வீட்டு முனியம்மாளிடம் விசாரித்தேன். "உன் வூட்டுக்காரரு போன வாரம் வந்தாரே, உனுக்குத் தெரியாதா? காருக்கு அடியில பூந்துகினு இன்னாத்தையோ நோண்டிகினு இருந்தாரும்மா" என்றாள்.

நான் பகல் ஷிப்டில் இருந்த நாள் அது. சொல்லாமல் வருவதும் சொல்லாமல் போவதும் தங்கள் பழைய வழக்கம். "நீ பூட்டுன பிரேக்க நம்பி சாமிகூட ஏறாது" என்று ஒருமுறை என் சுற்றத்தார் நடுவே சிரித்தீர்கள். அந்தச் சொல்லை மெய்ப்பிக்கவா வந்தீர்கள்? தொலைபேசியில் பேசினால் பிறகு இல்லை என்பீர்கள். எனவே எழுத்தில் கேட்கிறேன்.

இப்படிக்கு,
செங்கமலம்


தூத்துக்குடி
19.11.2025

செங்கமலம்,

உன் கடிதத்தைப் படிச்சதும் பிள்ளைக்குப் போன் போட்டேன். "சும்மா இருங்கப்பா, அம்மா வண்டிய ஒடிச்சுத் திருப்புனதப் பாத்திருக்கணும்"னு சிரிக்கா. எனக்குச் சிரிப்பு வரல.

வந்தது நான்தான். எண்ணெய் அடிச்சதும் நான்தான். இங்க உப்பு லாரிக்கெல்லாம் மழைக்கு முன்னாடி விளக்கெண்ணெயும் டீசலும் கலந்து அடிப்பக்கம் பூரா அடிப்போம். இல்லன்னா துரு தின்னுரும். சக்கரத்தைச் சாக்கு வச்சு மூடிட்டுத்தான் அடிக்கணும். அன்னைக்கு மூடல. உள்ள இருக்கிறது பழைய லைனிங்தானே, கல்யாணத்துக்கு முன்ன நானே வந்து மாத்தப் போறேன்னு நெனச்சு, டிரம்முக்குப் பின்னால உள்ள இடுக்கு வழியாவும் நல்லா அடிச்சுட்டேன். மாத்துறதுக்குப் புது செட்டு வாங்கி வச்சிருக்கேன்.

ஏன் சொல்லாம வந்தேன்னு கேட்டிருக்க. சொல்லியிருந்தா வண்டியத் தொட விட்டிருப்பியா? நீ மாத்திட்டேன்னு எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா?

என்னை என்ன வேணும்னாலும் சொல்லு. பிள்ளை ஏறுற வண்டிய நான் கெடுப்பேன்னு மட்டும் சொல்லாத.

சண்முகம்


சேரப்பணஞ்சேரி
30.11.2025

கனிஷ்காவின் தந்தையாருக்கு,

வணக்கம். இம்முறையும் தாமதம், பொறுத்தருள்க. தங்கள் சொல்லை அப்படியே ஏற்க மனம் வரவில்லை. ஆகவே விடுப்பு எடுத்து, வண்டியை உயர்த்தி நிறுத்தி, அடியில் படுத்துப் பார்த்தேன்.

கெடுக்க வந்தவர் சக்கரத்தோடு நிறுத்தியிருப்பார். தாங்களோ கதவுகளுக்குக் கீழே உள்ள ரப்பர் மூடிகளைக் கழற்றி, உட்குழிவில் எண்ணெய் விட்டு, மறுபடி மூடியிருக்கிறீர்கள். நீர் வடியும் துளைகளில் இறுகிக் கிடந்த மண்ணைக் குத்தி எடுத்திருக்கிறீர்கள். பின்னிருக்கைக்கு நேர் கீழே அடித்தகட்டில், என் கண்ணில் இதுவரை படாத துருவைச் சுரண்டிச் சிவப்பு பெயிண்டும் பூசியிருக்கிறீர்கள். அவசரமாக வந்து போனவர் செய்கிற வேலை அன்று அது.

ஆயினும் ஐயம் முற்றும் அகலவில்லை. எண்ணெய் ஊறிய ஷூக்களை எறிந்துவிட்டேன். தாங்கள் வாங்கிய செட்டைக் கொண்டு வாருங்கள்; இருவருமாகப் பூட்டுவோம். பிறகு ஆளில்லாத சாலையில் தாங்கள் ஓட்டுங்கள், நான் அருகில் அமர்ந்திருப்பேன். எனக்கு நிறைவு தரும்படி வண்டி நின்றால், மகளைத் தாங்களே அழைத்து வரலாம். அன்றும் முன்னிருக்கையில் தங்கள் பக்கத்தில் நான்தான் இருப்பேன்.

இம்முறை சொல்லிவிட்டு வாருங்கள். எந்த நாள் என்று விரைவில் பதில் எழுதுங்கள்.

செங்கமலம்