ராகுகாலத்துக்கு முன்

திருமயம்
12.8.2024

தம்பி வெற்றிச்செல்வனுக்கு,

நான் பேசாமல் இருந்தது போதும். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நாலு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள். நீ வேலை பார்க்கும் கல்லூரி வளாகத்தில் துருப்பிடித்து நின்ற மீட்டர்கேஜ் டீசல் இன்ஜினை நாம் ஆறேழு பேர் சம்பளமில்லாமல் சுரண்டி, கழுவி, கழற்றி மாட்டினோம். அதை மறுபடி ஓட வைப்பது என்பதுதான் பேச்சு. நின்றுபோன இன்ஜினில் கூலிங் தண்ணீர் சிலிண்டருக்குள் கசியும். ஸ்டார்ட் செய்யுமுன் கம்பி போட்டு இன்ஜினைக் கையால் சுற்றி அதை வெளியேற்ற வேண்டும்; இல்லையென்றால் உள்ளே உடைந்துவிடும். இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவனே நீதான்.

இன்ஜினை ஓட்டிக் காட்டும் விழா அன்று கல்லூரித் தாளாளர் வந்து சேர்ந்தபோது மணி நாலேகால். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நான் கம்பியை எடுத்தேன்.

"அண்ணே, நாலரைக்கு ராகுகாலம் வந்துரும். அதான் நேத்தே சுத்தியாச்சுல்ல, அங்கிட்டு வாங்க" என்றாய்.

"நேத்துச் சுத்துனது நேத்தோட போச்சு தம்பி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ பட்டனை அழுத்தினாய்.

ஒரே இடி. கனெக்டிங் ராடு வளைந்தது, பிளாக் உடைந்தது. இனி அது ஓடாது.

"யாருய்யா காரணம்?" என்று தாளாளர் கேட்டார். "தண்ணி ஊத்துனது அண்ணன்தான் சார்" என்றாய். அது பொய்யில்லை. கூலிங்குக்குத் தண்ணீர் ஊற்றியது நான்தான். பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நடந்ததை அவரிடம் சொல். நீ சொல்லாவிட்டால் நான் எழுதுவேன்.

நாச்சியப்பன்

---

புதுக்கோட்டை
20.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது.

நீங்கள் எழுதியதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் அவரிடம் சொன்னால் அன்றைக்கே என் வேலை போய்விடும். மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். உங்களை அவரால் என்ன செய்ய முடியும்? அந்த நினைப்பில்தான் வாயில் வந்துவிட்டது.

வீட்டில் திலகவதி என்னைக் கேலி செய்கிறாள்: "ஒங்க அண்ணன் வராததுல வாரம் கால் கிலோ காப்பித்தூள் மிச்சம்ங்க." சொல்லிவிட்டு அவளே கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

இன்ஜினுக்குப் பெயிண்ட் அடித்து, கல்லூரி வாசலில் காட்சிக்கு நிறுத்தப் போகிறோம். பக்கத்தில் வைக்கும் பலகையில் உங்கள் பெயர்தான் முதலில் வரும். ஞாயிற்றுக்கிழமை வாங்க அண்ணே.

என்றும் உங்கள் தம்பி,
வெற்றி

---

திருமயம்
5.9.2024

வெற்றிக்கு,

தாளாளருக்கு எழுதியதைக் கிழித்துவிட்டேன். உன் மகள் படிக்கட்டும். இன்ஜினைக் கெடுத்தவன் என்ற பேச்சு என்னோடு போகட்டும்.

மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதே. எனக்கு அது வராது. கூடப் பிறந்தவனோடு பேச்சை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. அவன் இடத்தில்தான் உன்னை வைத்திருந்தேன்.

பலகையில் என் பெயர் வேண்டாம். இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் வர மாட்டேன். பஸ்ஸில் அந்த வழியாகப் போக நேர்ந்தால் மறுபக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன். காப்பி எப்போதுமே நன்றாக இருந்தது என்று திலகவதியிடம் சொல்.

'அன்புள்ள அண்ணன்' என்று முடிக்கப் பேனா நகரவில்லை. வெறும் பெயரை எழுதினால் யாரோ ஒருவனுக்கு எழுதியது போலிருக்கிறது. கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.