செவலையை அவிழ்த்த சேதி

அன்பு மகள் ஷாலினிக்கு உன் அப்பா அம்மாசி தன் கையாலேயே எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஐதராபாத்தில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போகிறேன். இந்த முதல் இரண்டு வரிக்கே எனக்கு ஒரு காலைப்பொழுது ஆகிவிட்டது. ஆனாலும் பாப்பா, உன் பெயரை எழுதி முடித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன், நோட்டைத் தள்ளி வைத்துப் பார்த்தேன், கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன், உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தன் பெயரையும் எழுதச் சொன்னாள், செல்லியம்மாள் என்று எழுதிக் கொடுத்தேன், அந்தத் தாளைக் கிழித்து அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறாள். சாயங்கால எழுத்தறிவு வகுப்பில் பதினோரு பேர் படிக்கிறோம், அதில் அறுபத்தாறு வயதுக்காரன் நான் ஒருத்தன்தான், கலையரசி டீச்சர் என்னை முதல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார். இங்கே நாலு நாளாக மழை, மலை முழுக்க மேகம் இறங்கிக் கிடக்கிறது, அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் ஜாஸ்தி. நீ டூட்டிக்குப் போகும்போது வெறும் டீயோடு போகாதே, இரண்டு இட்லியாவது தின்றுவிட்டுப் போ.

இதெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் நோட்டை எடுத்தேன். வாயால் பேசினால் எனக்குப் பொய் சுலபமாக வந்துவிடுகிறது. எழுதும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் நின்று நின்று போகிறேன், அவ்வளவு தூரம் கூடவே நடந்து வரப் பொய்க்குத் தெம்பு இல்லை. டீச்சர் பிழை பார்த்துத் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன், அவர் படிக்கிற விஷயம் இல்லை இது.

போன பொங்கலுக்கு நீ வந்தபோது, நான் காவல் இருக்கும் ராஜாங்கம் முதலாளியின் மரவள்ளிக் காட்டுக்குச் சோறு எடுத்து வந்தாயே, அங்கே மோட்டார் கொட்டகைப் பக்கம் கட்டிக் கிடந்த நாயைப் பார்த்து அழுதாயே, நிறத்தைப் பார்த்துச் செவலை என்று பேரும் நீதான் வைத்தாய். யாருப்பா இத இப்டி கட்டி போட்டது, அவுத்து வுடுப்பா என்றாய். முதலாளி நாய் பாப்பா, அவர கேட்டுட்டு அவுக்கறேன் என்று சொன்னேன். முதலாளி நாய் என்பது நிஜம். ஆனால் கட்டியது முதலாளி இல்லை, நான். மூன்று வருஷத்துக்கு முன்னால் உள்ளங்கை அகலக் குட்டியாக அது வந்தபோது உரச்சாக்கு கட்டி வந்த நைலான் கயிற்றை எடுத்து இந்தக் கையால்தான் முடிச்சுப் போட்டேன். பன்றி வந்து கிழங்கைத் தோண்டுகிற காட்டில் மூலைக்கு ஒரு நாய் கட்டுவது எங்கள் வழக்கம். ஒரு தடவை அவிழ்த்து விட்ட நாய் காவலுக்கு ஆகாது, வயிறு நிறைந்த நாய் தூங்கிவிடும், அதனால் கட்டியது கட்டியபடி அரை வயிற்றுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டும் என்பது காவல்காரர்கள் பேச்சு. நான் அதை நம்பினேன் என்பது மட்டும் இல்லை, புதிதாகக் காவலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் பெரிய விஷயம் தெரிந்தவன் மாதிரி சொல்லிக் கொடுத்தேன். என் மூலையில் பன்றி இறங்காது என்று பெருமை வேறு. நாய் வளர்ந்தது, கயிறு வளரவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

நீ ஊருக்குப் போன பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் முதல் கேள்வியாக, செவலய அவுத்துட்டியாப்பா என்று கேட்பாய். இரண்டு வாரம் நாளைக்கு நாளைக்கு என்றேன். மூன்றாவது வாரம் அவுத்துட்டேன் பாப்பா, வூட்லதான் கீது என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு நீ சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் பொய்க்குத் தீனி போட வேண்டி வந்தது, களி தின்றது, கோழியைத் துரத்தியது என்று வாராவாரம் ஒரு கதை. சித்திரையில் படம் தெரிகிற மாதிரி போன் பண்ணி, நாய காட்டுப்பா என்றாயே, அன்று நீ பார்த்தது பக்கத்து வீட்டுப் பொன்னுரங்கத்தின் நாய். அதுவும் செவலை நிறம்தான், ஆனால் நம்முடையது பொட்டை, அது கடுவன், அது தெரியாமல் இருக்க வால் பக்கம் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு முகத்தை மட்டும் காட்டினேன். குண்டாயிட்டாளே என்று நீ கை தட்டினாய். உன் அம்மா உள்ளே போய்விட்டாள், அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

ஆடி மாதம் உன் பார்சல் வந்தது. பிரித்தால் நீல நிறத்தில் நாய்க்கழுத்துப் பெல்ட், கூடவே ஒரு துண்டுச்சீட்டு. நான் படிக்கப் போகிறேன் என்று தெரிந்து பெரிய பெரிய எழுத்தாக எழுதியிருந்தாய். வகுப்புப் புத்தகத்துக்கு வெளியே நானாக வாசித்த முதல் எழுத்து அதுதான் பாப்பா. எழுத்துக்கூட்டி வாசித்தேன், அப்பா, இது செவலைக்கு, உன் கையால் கட்டு. வாசிக்க வந்துவிட்டதே என்ற குஷியில் உன் அம்மாவுக்கு மூன்று தடவை சத்தமாக வாசித்துக் காட்டினேன். மூன்றாவது தடவைதான் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்குள் போயிற்று. உன் அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, பெல்ட்டு வந்துடுச்சி, கழுத்து எங்கய்யா என்று கேட்டாள்.

அன்றைக்கே முதலாளி வீட்டுக்குப் போனேன். ஆறு மாதமாக அவர் தரமாட்டார், வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா, ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. என்னைவிட வயதில் சின்னவர், அவர் என்ன சொன்னார் தெரியுமா, இன்னாடா அம்மாசி, அவுத்தா காவல் கெட்டுடும்னு நீதான சொன்ன, ஓட்டிக்கினு போணும்னா போ, எனக்கு இன்னா. அவ்வளவுதான். ஒரு வாய்ப்பேச்சுக்கு ஆறு மாதம் ஒரு உயிரைக் கட்டிப் போட்டிருக்கிறேன். அங்கே வெட்கப்பட்டது போதாது என்று, காட்டுக்குப் போய் முடிச்சைத் தேடினால் முடிச்சைக் காணோம். சதை மூடியிருந்தது. அரிவாள் நுனி விடக் கூட இடம் இல்லை. பொன்னுரங்கத்தின் ஆட்டோவில் சாக்குப் போட்டுத் தூக்கிக்கொண்டு சங்கராபுரம் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா மயக்க ஊசி போட்டுக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து எடுத்தார், எடுத்துக்கொண்டே இதை யார் கட்டியது என்று கேட்டார். முதலாளி வூட்டு நாயிங்க என்றேன். அங்கேயும் அப்படித்தான் சொன்னேன். புண்ணுக்கு மருந்து கட்டுகிற வேலை பார்க்கிற மகளைப் பெற்றவன் நான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து முருங்கை மரத்தடியில் விட்டோம். கட்டவில்லை, கயிறே இல்லை. ஆனால் பாப்பா, அவள் எட்டு அடிக்கு மேல் போகவில்லை. காட்டில் கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் போவாள், அங்கே எதிலோ இடித்துக்கொண்ட மாதிரி நின்று திரும்பிவிடுவாள். மரத்தைச் சுற்றி வட்டமாகப் புல் தேய்ந்தே போயிற்று. நான் துண்டை உதறினால் மண்ணோடு மண்ணாகப் படுத்துவிடுவாள். வயிறு நிறையச் சோறு வைத்தாலும் நான் பார்த்துக்கொண்டிருக்கும்வரை தொடமாட்டாள். அம்மா கையில் வாங்குவாள், என் இடது கையில்கூட ஒருநாள் வாங்கினாள், வலது கையை நீட்டினால் பின்வாங்கிவிடுவாள். காட்டில் தடி பிடித்து அவளை அடித்த கை எது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் அந்த வட்டத்தைத் தாண்டியது எப்படி என்று கேள். விடிந்ததும் வாசலில் பாய் போட்டு உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாக வாசிப்பேன், கண் புத்தகத்தில் இருக்கும், வலது கை எழுத்துக்குக் கீழே ஊர்ந்துகொண்டிருக்கும். ஒருநாள் தலை நிமிர்ந்தால் செவலை எட்டு அடிக்கு வெளியே, காதை நிமிர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாள். மறுநாள் இன்னும் ஒரு சாண். உன் அம்மா அடுப்படியிலிருந்து, நீ எழுத்துக்கூட்ற கஷ்டத்த பாத்து நாய்க்கே பரிதாபமாயிட்டு கீது என்றாள். நான் ஆசையில் ஒருநாள் புத்தகத்தை வைத்துவிட்டுத் தலையைத் தடவப் போனேன், ஓடிப்போய் ஆறு நாள் வட்டத்தை விட்டு வரவில்லை. அதிலிருந்து புத்தகம் முடிந்தால் முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசிக்கிறேன், கையை நீட்டுவதில்லை.

தை மாதம் நீ வரும்போது நீல பெல்ட்டோடு செவலை ஓடி வருவாள் என்று நினைத்திருப்பாய். பெல்ட் ஆணியில் தொங்குகிறது. புண் ஆறிவிட்டது, ஆனால் அந்தக் கழுத்தில் இனி எதையும் கட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன், நீ சொன்னாலும் கட்டமாட்டேன், இந்த ஒன்றில் மன்னித்துவிடு. வந்ததும் அவளைக் கூப்பிடாதே, தரையில் உட்கார், தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாதே, அவளாக வரட்டும். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் முதலில் அவளோடு பேசு. நான் காத்திருப்பேன், காத்திருக்க அவளிடம்தான் கற்றுக்கொண்டேன்.

இதை எழுத ஒரு மாதம் ஆயிற்று, இன்று பாயின் ஓரத்தில் முகவாயை வைத்துப் படுத்திருக்கிறாள், பென்சில் பிடித்த கைக்கு ஒரு சாண் தள்ளி. பிள்ளைகுட்டியோடு நூறு வயது நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கை தொட்ட புண் எல்லாம் ஆற வேண்டும். அம்மா மருதாணிப் பொடி அனுப்பியிருக்கிறாள், மறக்காமல் வாங்கிக்கொள். ஒன்று மட்டும் கேட்கிறேன், என்னைத் திட்டுவதாக இருந்தால் போனில் திட்டாதே, எழுதித் திட்டு. ஒரு வரி விடாமல் விடியற்காலையில் பாயில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன். நான் எதை வாசித்தாலும் அவள் கொஞ்சம் கிட்ட வருகிறாள், அதனால் நீளமாகவே எழுது.

கைநாட்டு இல்லாமல் கையெழுத்தோடு,
உன் அப்பா
அம்மாசி