இரண்டு செல்விகள்

செவ்வாய், இரவு.

ஆண்டிமடத்திலிருந்து காய்ச்சலோடு வந்த செல்விக்கு ஊசி போடப் போனேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"இந்த மருந்து எனக்கு ஒத்துக்காதுங்க சிஸ்டர். போன தடவ மூச்சே முட்டிருச்சு."

"கம்ப்யூட்டர்ல அப்படி எதுவும் இல்லையேம்மா" என்றார் டாக்டர்.

மறுபடி தேடினேன். அதே ஊரில், அதே பெயரில், அதே வயதில் இன்னொருத்தி. நாங்கள் திறந்திருந்தது அவளுடைய பக்கம். இவளுடையதில் ஒவ்வாமை என்று சிவப்பில் இருந்தது. ஊசியைக் கீழே வைத்தேன்.

கம்ப்யூட்டர் பிரிவுக்கு போன் செய்தால், "ஆதார் நம்பர் போட்டுத் தேடியிருக்கணும் மேடம்" என்கிறார்கள். காய்ச்சலில் தள்ளாடி வருகிறவள் ஆதாரையா தேடி எடுத்துக்கொண்டு வருவாள்?

மாத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது செல்வி கேட்டாள்: "அந்த இன்னொரு செல்விக்கு எது ஒத்துக்காதுங்க?"

கம்ப்யூட்டரில் அந்த இன்னொருத்தியின் பக்கத்தில் ஒவ்வாமைக்கான கட்டம் காலியாக இருக்கிறது. ஒன்றும் இல்லை என்பதாலா, யாரும் கேட்கவே இல்லை என்பதாலா?