தூக்குக்குண்டு

ஜூன் 6

அன்புள்ள ரேடியோவுக்கு,

உன் ஊசி எழுதுவது. நான் நலம். நீ, உம்மா, வாப்பா மூவரும் நலமா? நீங்கள் வீட்டைக் காலி செய்து ஒரு மாதம் ஆகிறது. ஒரு வரிகூட இல்லை. புது ஊரில் உன் பேச்சைக் கேட்க வேறு ஆள் கிடைத்துவிட்டதா?

போனில் கூப்பிடலாம்தான். காதில் வைத்தாலே எனக்கு வாய் ஒட்டிக்கொள்கிறது. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள் என்று ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தையே விட்டவள் இல்லையா நான்?

தையல் கடையில் இன்னும் காஜாதான். நாளெல்லாம் சட்டைகளுக்குப் பொத்தான் துளை போடுகிறேன். "ஊசி, வாய்க்கும் பட்டன் போட்டுட்டியா? கழட்டிட்டுப் பேசும்மா" என்று கட்டிங் மாஸ்டர் கிண்டல் செய்கிறார்.

எங்கள் தலைக்கு மேலே உங்கள் மாடி வீடு பூட்டியே கிடக்கிறது. பார்க்க வருகிறவர்கள், "இங்கதானே போலீஸ் வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பஸ் நிலையத்தில் குண்டு வெடித்ததிலிருந்து, யாராவது ஒரு பையை ஓரமாக வைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கிறது.

வாப்பாவின் கை எப்படி இருக்கிறது?

உன் ஊசி


ஜூன் 14

அடியே ஊசி,

உன் கடிதத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. திட்டியாவது எழுதினாயே.

வாப்பாவின் வலது மணிக்கட்டு இன்னும் மடங்கவில்லை. கொத்துக் கரண்டியைப் பிடித்தால் நழுவுகிறது. ஐந்து நாள் ஸ்டேஷனில் வைத்திருந்துவிட்டு, "தப்பாத் தகவல் வந்துடுச்சு, போய்யா" என்று அனுப்பியவர்களுக்கு அது எப்படித் தெரியும்? இங்கே வேலை கேட்டுப் போனால், பேரைச் சொன்னதும் "அப்புறம் சொல்லி அனுப்புறோம்" என்கிறார்கள். என் வகுப்பில் ஒருத்தி, "உன் பைக்குள்ள என்னடி டிக் டிக்னு கேக்குது?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். வாப்பா இப்போதுதான் வாய் திறந்தார். அங்கே அவரிடம் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார்களாம்: "நாளைக்குக் குண்டு போட்டுப் பாக்கணும், சரியில்லேன்னா மொத்தமா இடிச்சுத் தள்ளிடலாம்னு சொன்னியா இல்லையா?"

சொன்னார்தான். சாய்ந்துபோன ஒரு சுவரைப் பற்றி மேஸ்திரியிடம் போனில் சொன்னார். நாம் ஆட்டி விளையாடுவோமே, நூலில் தொங்கவிட்டுச் சுவர் நேரா என்று பார்க்கிற தூக்குக்குண்டு, அதைத்தான் சொன்னார். கொத்தனார் வாயில் குண்டு என்றால் வேறு என்ன? இதை விளக்கப் போய் இன்னும் அடி வாங்கியிருக்கிறார்.

யாரடி கேட்டுவிட்டுப் போய்ச் சொன்னது? எனக்கு வீட்டுக்காரம்மா மேல்தான் சந்தேகம். நீ அங்கேயேதான் இருக்கிறாய். விசாரித்து எழுது.

ரேடியோ


ஜூன் 23

அன்புள்ள ரேடியோவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. கடையில் வேலை அதிகம்.

நீ சொல்வது போல வீட்டுக்காரம்மாவாக இருக்கலாம். எந்நேரமும் ஜன்னலில்தானே நிற்கிறார். அவரிடம் போய்க் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. படிக்கட்டில் நின்று சத்தமாகப் பேசினால் யார் காதில் வேண்டுமானாலும் விழும். யாராக இருந்தால் என்ன, விடு. அந்த வாரம் எல்லோருக்கும் பயம். தெரிந்து யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

உனக்கு ஒரு சட்டை தைத்துத் தர ஆசை. அளவு அனுப்பு.

உன் ஊசி


ஜூலை 2

ஊசி,

உன் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன்.

வாப்பா படிக்கட்டில் நின்று பேசினார் என்று நான் எழுதவே இல்லை. எனக்கே தெரியாது. அவரிடம் கேட்டேன். "ஆமா, படிக்கட்டுலதான். வீட்டுக்குள்ள சிக்னல் கிடைக்காதே. யாரும் இல்லம்மா, கீழ்ப்படியில நம்ம ஊசிப் பொண்ணு மட்டும் பட்டன் தச்சுட்டு இருந்துச்சு" என்றார்.

யாரும் இல்லையாம். நம்ம ஊசிப் பொண்ணு மட்டும்தானாம். அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

போய்ச் சொன்னது நீ இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. நம்பிவிடுகிறேன்.

ரேடியோ


ஜூலை 9

ரேடியோ,

நான்தான்.

அர்த்தம் தெரியாமல் சொல்லவில்லை. அந்தக் குண்டை என் கையில் கொடுத்து, "அசையாம பிடிம்மா" என்று வாப்பா சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் அன்று, பஸ் நிலையத்தில் வெடிகுண்டு வெடித்து மூன்றாம் நாள். கடையில் காலையிலிருந்து ஒரே பேச்சு. "கூடவே இருப்பாங்க, நல்லாத்தான் பழகுவாங்க. அவங்கள நம்ப முடியாது" என்றார் மாஸ்டர். சாயங்காலம் படிக்கட்டில் குண்டு என்ற வார்த்தை காதில் விழுந்தபோது எனக்குச் சுவர் ஞாபகம் வரவில்லை. நிமிர்ந்து வாப்பாவின் தாடியைத்தான் பார்த்தேன். வேறு கொத்தனார் சொல்லியிருந்தால் தையலிலிருந்து தலையைக்கூடத் தூக்கியிருக்க மாட்டேன்.

மறுநாள் மாஸ்டரிடம் சொன்னேன். எல்லோரும் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். மாஸ்டர் போனை எடுத்தார். என் பேச்சை அத்தனை பேர் கேட்டது அதுதான் முதல் தடவை. அது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நீ வீட்டுக்காரம்மாவைச் சந்தேகித்தபோது ஆமாம் போட்டதும் நான்தான்.

நேற்றுக் கடையில் எழுந்து நின்று, "அது சுவர் பாக்குற குண்டு. எனக்கு அப்பவே தெரியும்" என்று சொன்னேன். "சரி சரி, காஜாவைப் பாரு" என்றார் மாஸ்டர். ஒரு மிஷினும் நிற்கவில்லை.

வாப்பாவின் தூக்குக்குண்டு தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் கிடந்தது. வீட்டைச் சோதிக்க வந்த போலீஸ்காரர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு எறிந்தது. நூல் அறுந்திருந்தது. காஜா நூலை நாலாக முறுக்கிக் கட்டிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். தபால் நிலையத்தில் "உள்ள என்ன?" என்று கேட்டார்கள். குண்டு என்று சொல்ல வாய் வரவில்லை. இரும்புச் சாமான் என்று எழுதிக் கொடுத்தேன்.

என்ன திட்டினாலும் சரி, எழுது.

ஊசி


ஜூலை 20

வணக்கம்.

நீங்கள் அனுப்பிய பார்சல் கிடைத்தது. நீங்கள் கட்டியிருந்த நூல் அந்தக் கனத்தைத் தாங்காது என்று வாப்பா அவிழ்த்துவிட்டு வேறு நூல் கட்டினார். இடது கையால் கட்டியதால் நேரம் பிடித்தது.

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கட்டிய நூலை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு, "சின்னப் புள்ள, பயந்துருக்கும். நல்லா இருக்கான்னு கேட்டு எழுதும்மா" என்றார்.

அவர் கேட்கச் சொன்னதை எழுதிவிட்டேன். நான் கேட்கவில்லை.

இனி நீங்கள் கடிதம் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
கொத்தனார் மகள்