மேகத்துக்கு என்ன விலை

மார்ச் 3, செவ்வாய்

இன்று ‘மேகம்’ என் தலையில் விழுந்தது. பல் மருத்துவர்களுக்கு மென்பொருளைச் சந்தாவுக்கு விற்கும் கம்பெனி. எல்லாம் எங்கோ மேகத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதால் இது நான் வைத்த பெயர். அதன் பங்குக்கு நியாயமான விலை என்ன என்று அறிக்கை எழுத வேண்டும். சந்தையில் 840. மற்ற நிறுவனத்து ஆய்வாளர்கள் எல்லோரும் ஆயிரத்தைத் தாண்டும் என்று எழுதிவிட்டார்கள். நானும் அப்படியே எழுதினால் வெள்ளிக்கிழமை சினிமாவுக்குப் போகலாம்.

ஒரே சிக்கல், மாமனார். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் பாதியை மேகத்தில் போட்டிருக்கிறார். இதை ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அறிக்கை வெளிவரும்வரை அதில் என்ன இருக்கிறது என்று வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு.

மார்ச் 5

காபி ஆறுகிறது, மாமனார் என் முகத்தையே பார்க்கிறார். நான் ரொட்டியை முறைத்தால் விலை இறங்கும் என்று கணக்குப் போடுகிறாராம். கணவர் சொல்லிச் சிரிக்கிறார்.

மார்ச் 9

விற்பனை ஏறுகிறது, லாபம் ஏறுகிறது. வங்கிக்கு வந்த பணம் மட்டும் படுத்த படுக்கை. தோண்டிப் பார்த்தால் — மூன்று வருடச் சந்தாவைக் கையெழுத்தான அன்றே மொத்தமாக வருமானத்தில் சேர்த்துவிடுகிறார்கள். நிச்சயதார்த்தம் முடிந்ததுமே பேரனுக்குப் பள்ளிக்கூடம் தேடுவது போல.

அவர்களின் நிதி அதிகாரிக்குப் போன் செய்தேன். வளர்ச்சியில் வலி இருக்கத்தான் செய்யும் என்றார், தேன் தடவிய குரலில். எனக்கும் வலிதான். கடைவாய்ப் பல்.

மார்ச் 11

பல் டாக்டரின் கணினியில் மேகத்தின் சின்னம்! வாயில் பஞ்சோடு கேட்டேன், அவருக்குப் புரியவில்லை. பஞ்சை எடுத்த பிறகு, சந்தா எவ்வளவு கட்டுகிறார் என்று மறுபடி கேட்டேன்.

“நான் எங்கம்மா கட்டறேன்? ஒரு வருஷம் சும்மா வெச்சுப் பாருங்க, பிடிச்சா பணம் குடுங்கன்னாங்க. மூணு வருஷத்துக்குக் கையெழுத்து மட்டும் வாங்கிட்டுப் போனாங்க.”

மரத்துப்போன வாயால் சிரித்தேன். எச்சில் வழிந்தது.

மார்ச் 13

நாள் முழுக்கப் பல் மருத்துவர்களுக்குப் போன். பாதிப் பேருக்கு மேல் அதே கதை. ஒருவர் தன் பிரிண்டரைச் சரிசெய்து தரச் சொன்னார்.

மார்ச் 16

உண்மையாக வந்த பணத்தை மட்டும் வைத்து விலை போட்டேன். 290. மூன்று முறை போட்டும் 290தான்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எல்லாரும் ஆயிரங்கறாங்க. நீ முன்னூறுகூட இல்லங்கற. தப்பாப் போனா?”

“என் பேர்தானே சார் கெடும்.”

“என் வேலையும் போகும்மா.”

பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தார். ஒப்புதல் கொடுத்தார்.

மார்ச் 18

அறிக்கை வெளிவந்தது. பங்கு 870க்கு ஏறியது. பேஷ்.

மார்ச் 19

ஊருக்கே தெரிந்துவிட்டதால் இனி வாயைத் திறக்கலாம். விற்றுவிடுங்கள் மாமா என்றேன்.

“நீ நல்ல பொண்ணும்மா. ஆனா ஃப்ரிட்ஜ் வாங்கறப்பவும் நீ வேண்டாம்னுதான் சொன்ன. அது இன்னிக்கும் நல்லாத்தானே ஓடுது.”

சாயங்காலம் தெரிந்தது, இன்னும் கொஞ்சம் வாங்கியிருக்கிறார். அறைக்குள் போய் அழுதேன். நான் என்ன பொய்யா சொல்றேன்? ஊர்ல எவனோ சொன்னா நம்புவாங்க, வீட்டுல இருக்கறவ சொன்னா மட்டும் ஏன் காதுல ஏற மாட்டேங்குது?

ஏப்ரல் 2

910. சக ஊழியர்கள் என்னைப் பார்த்ததும், மேகம் எப்போது கலையும் என்று வானிலை விசாரிக்கிறார்கள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

மேகத்தின் கணக்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தணிக்கையாளர் விலகிவிட்டார். மாலைக்குள் 340. ஆபீசில் கைகொடுத்தார்கள், மேனேஜர் கேக் வாங்கினார். வீட்டில் மாமனாரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டப் போய்த் திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 22

மாமனார் தன்னிடமிருந்த மேகத்தின் பங்குகளை எல்லாம் வந்த விலைக்கு விற்றுவிட்டாராம். கணவர் சொன்னார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மாமனார் வேறொரு கம்பெனியின் ஆண்டறிக்கையோடு வந்து, நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“லாபத்த விடு. கைக்கு வந்த பணத்த எந்தப் பக்கத்துலம்மா போட்டிருப்பாங்க?”

புரட்டிக் காட்டினேன். கணவர் சாப்பிடக் கூப்பிட்டார்.

“இருப்பா, நாங்க இன்னும் முடிக்கல” என்றார் மாமனார்.