மீட்டுத் தருவதாகச் சொன்ன நிலம்

அன்புள்ள சில்வண்டுக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகம், முழங்கால் மட்டும் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் எப்படி இருக்கிறீர்கள், அங்கே குளிர் விட்டதா, பேத்திக்குக் காதுவலி என்றாயே தேவலையா, காதை மூடாமல் வெளியே அனுப்பாதே. உன் சித்தி போன வாரம் வந்து அரைமணி நேரம் இருந்து, ஒரு வருஷத்துக்கான புத்திமதியைச் சொல்லிவிட்டுப் போனாள். வேறு யாரும் வரவில்லை. பகலெல்லாம் ரேடியோவைப் போட்டுவிட்டு அது சொல்வதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவனுக்கு, உள்ளே தள்ளிப் போங்க என்று சொல்ல இப்போது ஓர் ஆள் இல்லை.

சொல்ல வந்தது வேறு, சுற்றி வளைக்கிறேன். நம் வீட்டுக்குப் பின்னால் சரளைக்கல் எடுக்கிற குழி இருக்கிறதே, அதைப் பெரிதாக்குகிறார்கள். இதுவரை ஊற்று கண்டதும் நிறுத்திவிடுவார்கள், மேலே இருந்த சரளை தீர்ந்துவிட்டது, இனி நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே நாற்பதடி இறங்கினால்தான் கிடைக்குமாம். அதற்காகப் பெரிய பம்பு வைத்து ராப்பகலாகத் தண்ணீரை வெளியே தள்ளுகிறார்கள், அவர்கள் அங்கே இறைக்க இறைக்க நம் கிணறு இங்கே இறங்குகிறது, வாளிக்கயிற்றில் இரண்டு தடவை ஒட்டுக்கயிறு முடிந்துவிட்டேன். குழியை அகலப்படுத்த நம் பின்நிலமும் பத்து வருஷக் குத்தகைக்கு வேண்டும் என்று குழிக்காரர்களின் சர்வேயர் ஒருவர் வந்தார். தலை நரைத்த நல்ல மனுஷன், வாயைத் திறந்தால் மூட மாட்டார், எனக்கேற்ற ஜோடி. தோண்டி முடிச்சதும் நிலத்தை மீட்டு உங்க கையிலயே குடுத்துடுவோம் பெரியவரே என்றார்.

மீட்டு என்றால் எனக்கு என்ன தோன்றும் சொல். உன் படிப்புக்காக அம்மாவின் வளையலை அடகு வைத்து அப்புறம் மீட்டு வந்தோமே, அதிலிருந்த நெளிசல்கூட அப்படியே திரும்பி வந்ததே, அந்த மாதிரி என்று நினைத்துவிட்டேன். நீ திரும்பி வந்து வீடு கட்டுவதற்குள் நிலம் கைக்கு வந்துவிடும் என்று நம்பிக் கையெழுத்தும் போட்டேன். அதற்கப்புறம்தான் அவர் வரைபடத்தை விரித்தார், நம் நிலம் முழுக்க நீலம். இது என்ன என்றால் ஏரிங்க என்கிறார். வேலை முடிந்ததும் பம்பை நிறுத்துவார்களாம், நீர்மட்டம் தானாக ஏறிக் குழி நிரம்புமாம், கரையைச் சரிவாக்கி மரம் நட்டு ஒப்படைப்பார்களாம், நம் கிணறும் பழையபடி ஊறுமாம், அவர்கள் பாஷையில் அதற்குப் பெயர்தான் நில மீட்பு. பத்திரத்தில் நிலம், காலை வைத்தால் தண்ணீர்! இனி நீ கட்டினால் படகுதான் கட்ட வேண்டும். அவர் எதையும் மறைக்கவில்லை, கேட்க வேண்டியதை நான்தான் கேட்கவில்லை.

உன்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது. அவர் வருவது செவ்வாய்க்கிழமைகளில், முதல் தடவையே படிவத்தை நீட்டினார். யோசித்துச் சொல்கிறேன் என்று மூன்று செவ்வாய் இழுத்தடித்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை, போட்டுக் கொடுத்துவிட்டால் மனுஷன் அப்புறம் வர மாட்டாரே என்றுதான். செவ்வாய் வந்தால் முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டு, டீக்கு இரண்டு தம்ளர் எடுத்து வைத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாலாவது தடவை, மாற்றலாகிவிட்டது, இதுதான் கடைசி என்றார். மனசு கேட்கவில்லை, போட்டுவிட்டேன். ஒரு மனுஷன் எதிரே உட்கார்ந்து பேசியதற்கு உன் நிலத்தை நீட்டியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது கண்ணு.

நல்லவேளை, நிலத்தில் பாதி அம்மா வழியில் உன்னுடையது, உன் கையெழுத்து இல்லாமல் அவர்கள் வேலியைக்கூடத் தொட முடியாது. படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன், சம்மதம் என்று ஒரு கட்டம், மறுப்பு என்று ஒரு கட்டம். மாப்பிள்ளையிடமும் கேட்டுக்கொள். எனக்காகப் பார்க்காதே, கிணற்றுக்காகவும் பார்க்காதே, இங்கே வந்து இருக்கப்போகிறாயா என்பதை மட்டும் யோசி. வருவாய் என்றால் மறுப்பில் போடு. வர மாட்டாய் என்றால் சம்மதத்தில் போடு, ஏரியாவது வரட்டும்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், பேத்தி நெற்றியில் என் பேரைச் சொல்லி ஒரு முத்தம் கொடு. படிவம் மாதக் கடைசிக்குள் அவர்கள் ஆபீஸில் சேர வேண்டும், மறந்துவிடாதே. நீ நேரில் வந்துதான் கொடுக்க வேண்டும் என்று முதலில் எழுதியிருந்தேன், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். தபாலிலேயே அனுப்பலாமாம்.

உன் அப்பா